ஊதக் கூடாத கேசட்டுகள்

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என் வீட்டுக்காரரை ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டாக்டர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர். வெள்ளை கோட்டு போட்டிருப்பதால் வந்த பட்டம் அது. ஒரு நாளாவது “நான் டாக்டர் இல்லைங்க” என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பெருமைக்காக அல்ல. சொன்னால் எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடுமே என்ற பயம். யாராவது தப்பாக நினைத்துக்கொண்டால் அந்தத் தப்புக்குள்ளேயே குடிபோய்விடுவார். அவருடைய சுபாவம் முழுக்க இதுதான்.

எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது மாடிப்படியில் உருண்டு காலை ஒடித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தாயிற்று. பொழுது போகவேண்டுமே என்று பரண்மேல் கிடந்த ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினேன். என் தம்பி வெளியூர் வேலைக்குப் போகும்போது எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனது. உள்ளே ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி, ஒயர் முறுக்கிக்கொண்ட கன்ட்ரோலர்கள், கைப்பிடி அளவுக்குச் சில கேசட்டுகள். மகள் பிறப்பதற்கு முன்பே கடைகளில் விற்பதை நிறுத்திவிட்ட சாமான். டிவியில் மாட்டினோம், ஓடியது. மகளுக்கு நாலு நாளில் அலுத்துவிட்டது, கலர் பென்சில் கேட்டாள். அப்பாவுக்கு அலுக்கவில்லை.

ஆரம்பத்தில் அவரும் கேலிதான் செய்தார். “என்னம்மா இது, கொசு மொய்க்கிற மாதிரி புள்ளி புள்ளியா!” என்பார். ஒரு கேசட்டில் கலங்கரை விளக்கம் ஒன்று வரும். குட்டி மனிதன் ஒருவன் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு படி ஏறவேண்டும், காற்று அவனைக் கீழே தள்ளும். மகளுக்காக விளையாட உட்கார்ந்தவர், அந்த ஆள் படியேறி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அப்புறம் சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

“இங்க பாரு. மழை ஆரம்பிச்சதும் பாட்டுல தாளம் மட்டும் நின்னுடுச்சு, கவனிச்சியா? அவன் தனியா இருக்கான்னு வாயால சொல்லவே இல்ல. ஆனா நமக்குத் தெரியுது பாரு.”

எனக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம்தான் வந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் ஒரு பொருளைப் பற்றி அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

அந்தப் பெட்டிக்கு வந்த கேசட்டுகள் எங்கெங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தார். வாரக் கடைசியில் பழைய சாமான் கடைகளுக்குப் போய், இஸ்திரிப் பெட்டிக்கும் உடைந்த மிக்சிக்கும் அடியில் கையை விட்டுத் துழாவுவார். கண்ணாடிக்குத் திருகாணி போடும் குட்டி ஸ்க்ரூடிரைவரால் கேசட்டின் முதுகைத் திறந்து, உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைப் பார்த்து, அசலா போலியா என்று சொல்லிவிடுவார். நான் மெல்லிசான புது டிவி வாங்கியபோதும் அந்தத் தொந்தி வைத்த டிவியைத் தூக்கிப்போட விடவில்லை. புது டிவியில் புள்ளிகள் செங்கல் மாதிரி தனித்தனியாகத் தெரிகின்றனவாம். பழையதில்தான் ஒன்றோடொன்று கலந்து மழையாகிறதாம். கண்ணாடிக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கேசட்டுக்கும் குளியல் உண்டு. நான் நர்ஸ் என்பதால் ஸ்பிரிட்டுக்குப் பஞ்சமில்லை. பட்ஸை அதில் நனைத்து, கேசட்டின் வாயில் வரிசையாக இருக்கும் செம்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். ஊரெல்லாம் கேசட் ஓடவில்லையென்றால் எடுத்து வாயால் ஊதித்தானே மறுபடி போடுவார்கள்? எங்கள் வீட்டில் அது பாவம். “வாய்க்காத்துல ஈரம் இருக்கு. ஊதினா அப்போதைக்கு ஓடும், உள்ள துருப்பிடிச்சுச் செத்துப்போகும்” என்று மகளுக்கும் எனக்கும் பாடம் எடுப்பார்.

“நம்ம பொண்ணைக்கூட நீங்க இப்படிக் குளிப்பாட்டினது இல்லைங்க” என்பேன். மூன்று பேரும் சிரிப்போம்.

இவ்வளவும் வாசல் கதவு சாத்தியிருக்கும் வரைக்கும்தான். காலிங்பெல் அடித்தால் போதும், மனிதர் திருடன் மாதிரி ஆகிவிடுவார். டிவியை அணைத்து, கன்ட்ரோலரைத் தலையணைக்கு அடியில் தள்ளி, கேசட் அலமாரியின் திரையை இழுத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். அவரைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவருடைய அண்ணன். விளையாட்டு என்ற சொல்லையே ஏதோ வியாதியின் பெயரைப் போல உச்சரிப்பவர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, நரை விழுந்த வயதில் ஒரு குட்டி மனிதனைப் படியேற்றிச் சந்தோஷப்படுவது பெரிய அவமானமாக இருந்தது.

ஒருநாள் கடை முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். திரையை இழுத்துவிட நேரமில்லை.

“என்னப்பா, கேசட் கடையே வச்சிருக்க! யாரோடது இதெல்லாம்?”

“பொண்ணோடதுங்க” என்றார் இவர்.

மகள் பக்கத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு, அப்பாவும் அவளும் சேர்ந்து முதலாளியை ஏமாற்றுகிறார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

அந்தப் பொய் வசதியாக இருந்தது, அதனால் நிலைத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கேட்டாலும் பொண்ணோடது, சித்தி கேட்டாலும் பொண்ணோடது. பழைய சாமான் கடையில் பை நிறைய கேசட்டோடு நின்றபோது அவளுடைய கணக்கு டீச்சர் எதிரில் வந்து “பொண்ணுக்கா சார்?” என்று கேட்டார். அதற்கும் ஆமாம். அந்த வருஷம் அவளுக்குக் கணக்கில் மார்க் குறைந்தது. பெற்றோர் கூட்டத்தில் டீச்சர், “வீட்ல எப்பவும் கேம்தானா? நீங்களே வாங்கிக் குடுத்தா எப்படி சார்?” என்றார். மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்ன செய்தார் தெரியுமா? தலையை ஆட்டி, “இனிமே பாத்துக்கறேன் டீச்சர்” என்றார்.

வெளியே வந்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். “வாயில என்ன கொழுக்கட்டையா? உங்க பொம்மைக்கு இவ திட்டு வாங்கணுமா?” என்று கேட்டேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார். நான் டீச்சரிடம் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கட்டின புருஷனைப் பலர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். பெற்ற பெண்ணை விட்டுக்கொடுத்ததுதான் மிச்சம்.

அதற்கப்புறம் மகள் கண்ணடிப்பதை நிறுத்திவிட்டாள். யாராவது “கேம் பைத்தியம்” என்று சொன்னால் மறுக்கவும் மாட்டாள். அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொள்வாள். அப்பாவிடம் அவள் பேசுவது சாப்பாடு, பஸ், குடை என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது.

கால் ஒடிந்தபோது அவளை மறுபடி நடக்க வைத்த பிசியோதெரபி அக்காவை அவள் மறக்கவே இல்லை. அதே படிப்புதான் படிப்பேன் என்றாள், அதற்கு இடமும் வாங்கிவிட்டாள். கல்லூரி தூரத்து நகரத்தில். விடுதியில் இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். தனியாக வீடு எடுத்துத் தங்க வைக்க எங்களால் முடியாது. ஒரே வழி, அந்த நகரத்தில் இருந்த அவளுடைய பெரியப்பா வீடு. அவர் சரி என்றால் படிப்பு, இல்லையென்றால் இல்லை.

பெரியப்பா வந்தார். காபி குடித்தார். அலமாரித் திரைக்கு மேலே பிதுங்கி நின்ற கேசட்டுகளைப் பார்த்தார். அந்த வருஷங்களில் திரை போதாமல் போய்விட்டது.

“நல்லாப் படிக்கிற பொண்ணுதான், நான் இல்லேன்னு சொல்லல” என்று ஆரம்பித்தார். “ஆனா சொந்தக்காரங்க எல்லாரும் சொல்றாங்க, எனக்கும் காது இருக்கு. இந்தப் பழக்கத்தோட ஒரு பொண்ணை என் பொறுப்புல வச்சுக்க எனக்குப் பயமா இருக்கு. ஏம்மா, உனக்கே வெட்கமா இல்லையா? அப்பா கண்ணு வலிக்க லென்ஸ் தேய்க்கிறார், நீ அந்தக் காசுல இதை வாங்கி அடுக்கி வச்சிருக்கே.”

மகள் தலைகுனிந்து நின்றாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் ஒட்டவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. கண்ணாலேயே மிரட்டினேன், கெஞ்சினேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. இனி நானே சொல்லிவிடுகிறேன் என்று முன்னால் வந்தேன்.

மகள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. அவள் வாடி நிற்பதைக் கண்டதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “சரி சரி, அழாதே. அப்படி என்னதான் இருக்கு இதுல? உனக்குப் பிடிச்சதை ஒண்ணு போட்டுக் காட்டு, பாப்போம்” என்றார்.

மகள் அலமாரித் திரையை ஒதுக்கினாள். எங்கெங்கோ தேடவில்லை. நேராகக் கலங்கரை விளக்கக் கேசட்டை எடுத்தாள், அவர் முதன்முதலில் மயங்கிய அந்தக் கேசட்டை. டிவி பக்கம் போகாமல் அப்பாவுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். கேசட்டின் வாயைத் தன் வாயருகே கொண்டுபோனாள். அப்பாவையே பார்த்துக்கொண்டு மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

“ஊதாதே!”

வீடு அதிர்ந்தது. அவர்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டியிருந்தார். “ஊதாதேம்மா, துருப்பிடிச்சுடும்!”

 நீட்டிய கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. மகள் மூச்சை மெதுவாக விட்டாள், கேசட்டின் மேல் படாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பிறகு கேசட்டை அவருடைய கையில் வைத்தாள்.

“இதுக்கு எழுந்துட்டீங்களேப்பா” என்றாள். “எனக்கு ஒரு தடவையாவது எழுந்திருக்கலாமே.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் பலமுறை கோபித்திருக்கிறேன், கேலி செய்திருக்கிறேன். அவருக்காக வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

பெரியப்பா தம்பியைப் பார்த்தார், கேசட்டைப் பார்த்தார். “இதெல்லாம் யாரோடது?”

“என்னோடதுண்ணா.”

“எப்ப இருந்து?”

“ஆரம்பத்துல இருந்தே.”

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இவர் தேய்த்துக் கொடுத்த கண்ணாடிதான். வேட்டி நுனியால் அதை ரொம்ப நேரம் துடைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. மகளிடம் மட்டும், “நான் உன்னை என்னென்னவோ பேசிட்டேன் கண்ணு. மனசுல வச்சுக்காதே. துணிமணி எடுத்து வச்சுக்கிட்டு வந்து சேரு” என்றார். கிளம்பும்போது வழக்கமாகத் தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போகிறவர், அன்று தட்டாமல் படியிறங்கினார்.

மறுநாள் இவர் கேசட்டுகளையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்ட ஆரம்பித்தார். பழைய சாமான் கடையிலேயே கொடுத்துவிடுகிறேன், இனி இந்த வீட்டில் இந்தச் சனியன் வேண்டாம் என்று புலம்பினார். மகள் தன் பெட்டியை அடுக்குவதை விட்டுவிட்டு வந்தாள்.

“தூக்கிப் போட்டீங்கன்னா தப்பு கேசட் மேலன்னு ஆயிடும். அது என்னப்பா பண்ணுச்சு பாவம்? எடுத்து ஹால்ல வைங்க. திரை வேண்டாம். வர்றவங்க கேப்பாங்க, நீங்கதான் பதில் சொல்லணும்.”

அவளே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், அவர் அடுக்கினார். கைக்குக் கை மாறியதே தவிர, கண்ணுக்குக் கண் பார்த்துக்கொள்ளவில்லை.

அவள் போன பிறகு முதலில் வந்தது கடை முதலாளிதான். புதுக் கடை திறப்பது பற்றிப் பேச வந்தவர், சோபாவில் உட்கார்ந்ததும் ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னும் இருக்கா இதெல்லாம்? பொண்ணுதான் படிக்கப் போயிடுச்சே, யாருக்கு வச்சிருக்க?”

நான் சமையலறை வாசலில் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றேன். இவருடைய காது சிவந்தது. தொண்டையைச் செருமினார், எழுந்து நின்றார்.

“அது பொண்ணோடது இல்லைங்க. எப்பவுமே இல்ல. எல்லாம் என்னோடது. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

முதலாளி திரும்பி அவரைப் பார்த்தார்.

“அப்படியா?” என்றார். தண்ணீரை வாங்கிக் குடித்தார். “சரி, புதுக் கடைக்கு லென்ஸ் மெஷின் எதை எடுக்கலாம், சொல்லு.”

அவ்வளவுதான். அவர் போன பிறகும் என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. காலிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி நின்றார்.

“அப்படியான்னுதானே கேட்டாரு” என்றார். “வேற ஒண்ணுமே சொல்லலையே.”

“ஒண்ணும் சொல்லல” என்றேன்.

“இதுக்குப் பயந்தா நான் அந்தப் புள்ளைய…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அலமாரிக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.