முன்படியில் சப்பாத்தோடு

பிலிப்பைன்ஸுக்குப் போகிறேன் என்றதும் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்த எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "உனக்கென்ன விசரோ? இந்தியாவுக்குப் போய் நாலு கோயில் கும்பிட்டு, நாலு சீலை வாங்கிக்கொண்டு வாவன்!" என் கணவர் மட்டும் சூட்கேஸை இறக்கித் தந்தார். மறித்தாலும் நான் கேட்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வார்டில் எனக்குக் கிளீனிங் வேலை. என்னோடு ஒரே ஷிப்டில் நின்ற பிலிப்பைன்ஸ் நேர்ஸ் என் சிநேகிதி. அவளுடைய அப்பா இளம் வயதில் தங்கள் ஊரில் இருந்த அமெரிக்கக் குதிரைப்படை முகாம் ஒன்றில் குதிரை பராமரித்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்கர் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டார்கள். எண்பது தாண்டிய அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு ஆசை: தன் அதிகாரி இருந்த வீட்டின் முன்படியால் ஏற வேண்டும். அந்தக் காலத்தில் அவருக்குப் பின்படிதான். அதுவும் சப்பாத்தைக் கீழே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு.

"நீயும் வா," என்றாள். போனேன். ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த வீட்டிலும் அப்போது ஆமி, இலங்கை இராணுவம், குடியிருந்தது. என் வீட்டுக்குள் நான் கால் வைக்க முடியாது. இவராவது ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

முகாமில் குதிரை ஒன்றும் இல்லை. பெரிய அணிவகுப்புத் திடல், சுற்றிவரக் கிழட்டு மரங்கள், வரிசையாக மர வீடுகள். சில வருடங்களுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பல் இன்னமும் மூலைமுடுக்கெல்லாம் கிடந்தது. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கிழவர் தேடிய வீட்டை யாரோ விருந்தினர் விடுதியாக்கி, வெள்ளை அடித்து, படியை மினுக்கி வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு காவலாளி. சிநேகிதி தங்கள் மொழியில் அவனோடு கதைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பார்க்கலாமாம். ஆனால் முன்படி விருந்தாளிகளுக்காம். எங்களைப் பின்னால் வரட்டாம்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அமெரிக்கன் போய்விட்டான், அவன் போட்ட சட்டம் மட்டும் போகவில்லை! "பின்னாலை வாறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று தமிழிலேயே கத்தினேன். சொல் விளங்காவிட்டால் என்ன, சத்தம் விளங்கியிருக்கும். கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே முன்படிக்கு நடந்தேன். பின்னால் ஓடிவந்த காவலாளியைச் சிநேகிதி குறுக்கே நின்று மறித்தாள்.

படிக்குக் கிட்டப் போனதும் நான் செய்த வேலையைப் பாருங்கள். குனிந்து என் சப்பாத்தைக் கழற்றினேன்! யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கழற்றிப் பழகிய கால், சொன்னால் கேட்குமா? கிழவர் கண்டுவிட்டார். ஊன்றுதடியால் என் சப்பாத்தைத் தட்டி, படையாட்களிடம் பழகிய இங்கிலீஷில் அதட்டினார். "போடு! இந்த வீட்டில் நான் வெறுங்காலோடு நடந்தது காணும், இனி வேண்டாம்."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. போட்டுக்கொண்டேன். அவர் தன் சப்பாத்தைச் சாம்பலில் இரண்டு தரம் நன்றாக அழுத்தித் தேய்த்தார். பிறகு ஏறினார். மினுக்கிய படி ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பல் பாதம். மேலே போய் நெஞ்சை நிமிர்த்திச் சிரித்தாரே ஒரு சிரிப்பு! ஆனைக்கொரு காலம் என்றால் பூனைக்கொரு காலம். நானும் ஏறிப் பக்கத்தில் நிற்க, காவலாளியை மறித்தபடியே சிநேகிதி அழுதுகொண்டு எங்கள் இருவரையும் படம் எடுத்தாள்.

அந்தப் படம் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே தொங்குகிறது. அதன் கீழேதான் வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றிக் குவிப்பார்கள். மோர்டனில் இருந்து வந்த என் அண்ணன் ஒருநாள் குனிந்து நாடாவை அவிழ்த்தபடி படத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பிள்ளை, எங்கடை வீட்டை ஆமி விட்டால் அங்கையும் இப்பிடிச் சப்பாத்தோடைதான் ஏறுவியோ?"

"இல்லை அண்ணை," என்றேன். "அங்கை சப்பாத்தோடை நிக்கிறது ஆமிக்காரங்கள். நான் கழட்டிப்போட்டுத்தான் ஏறுவன். அது என்ரை வீடு."