கிரியேட்டினின் இறங்கிய ஒன்பதாம் நாள்

போன சித்திரையில் ஒருநாள், உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தபோதே மயங்கிப் பாத்தியில் விழுந்தேன். இரண்டு நாளாக வாந்தி, சிறுநீரும் சரியாகப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். "கிரியேட்டினின் மூணு இருக்குது. குறையலன்னா டயாலிசிஸ் பண்ற மாதிரி வரும்" என்றார் டாக்டர்.

கிரியேட்டினின் என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. டயாலிசிஸ் தெரியும். எங்கள் தெருக்காரர் ஒருவர் அதற்காகப் பாண்டிக்கு அலைந்து அலைந்தே போய்ச் சேர்ந்தார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், அவர்கள் அப்பாவும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். "ஆண்டவரே, அது என்னன்னே தெரியலையே, எதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பேன்?" அவ்வளவுதான் என் ஜெபம்.

மறுநாள் காலை ரத்தம் எடுக்க லேப்பில் வேலை பார்க்கும் கலைச்செல்வி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அத்தனை வேலைக்கு நடுவில் உட்கார்ந்தார் பாருங்கள்!

"அது வியாதி பேரு இல்லக்கா. தசையில இருந்து ரத்தத்துல சேர்ற கழிவு. கிட்னி அதை வடிகட்டி வெளிய தள்ளணும். தள்ள முடியலன்னா நம்பர் ஏறும். உங்களுக்கு ஒண்ணுகிட்ட இருக்கணும். ஆமா, வேலையில எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. உப்பளத்தில் பெண்கள் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அதனால் வீடு திரும்பும்வரை நாங்கள் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. போதாததற்கு இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கித் தினமும் மாத்திரை. இரண்டையும் அவரிடம் சொன்னேன்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"ஆம்பள டாக்டர்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

அவர் சிரிக்கவில்லை. நேராகப் போய் டாக்டரை அழைத்து வந்தார். கிட்னியைக் கெடுத்த அந்த வலி மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏற்றினார்கள். அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு ஜெபித்தேன். எதைக் கேட்கவேண்டும் என்று இப்போது தெரியுமே! ஒன்பதாம் நாள் ரிப்போர்ட்டில் ஒன்று புள்ளி ஒன்று. எனக்கு முந்தி கலைச்செல்வி அழுதுவிட்டார்.

அவர் நெற்றியில் குங்குமம் வைக்கிறவர். அதனால் என்ன, கர்த்தருக்கு ஆள் பஞ்சமா? என் கேள்விக்கு அந்த நல்ல மனுஷியின் வாயால்தான் பதில் சொன்னார். அவருக்காக ஜெபிக்காமல் நான் படுப்பதில்லை.

இப்போது எங்கள் வரப்போரம் நாலு கம்பு நட்டு, கீற்று கட்டி மறைப்பு வைத்திருக்கிறோம். முதலாளியிடம் கேட்டதும் நான்தான். முன்பெல்லாம் அவர் எதிரில் எனக்குப் பேச்சே வராது.

சகோதரிகளே, கர்த்தரிடம் எதையும் மறைக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லி ஜெபியுங்கள், அவர் கேட்பார். டாக்டரிடமும் மறைக்காதீர்கள். ஆமென் சொன்ன கையோடு, எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள்.