சம்மந்தியின் குழிச் சிங்கம்

என் பேத்தி ஓவியா பிறந்ததிலிருந்து வீடே சிரிக்கிறது. அந்த முகத்தைப் பார்த்தால் யார் மேலும் கோபம் வராது. என் சம்மந்தி ஞானையா மேல் மட்டும் வரும்.

ஞானையா திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இரும்பை அமுக்கும் பிரஸ் ஓட்டுகிறவர். போனில் ஒரு வீடியோ பார்த்தால் போதும், அதில் பெரிய ஆள் ஆகிவிடுவார். ஒரு வருஷம் காடை வளர்த்தார். காடைகள் பறந்தன. அடுத்த வருஷம் மூலிகை எண்ணெய். தலையில் தேய்த்தவர்கள் இன்னும் முடியைத் தேடுகிறார்கள். இப்போது காசு. அச்சடிக்கும்போது தப்பாகிப்போன காசுக்கு லட்சக்கணக்கில் விலையாம். அன்றிலிருந்து ரயில் ஏறி நசுங்கியது, பையன்கள் ஓட்டை போட்டது எல்லாமே அவருக்குப் பொக்கிஷம்.

குழந்தையைத் தொட்டிலில் போடும் நாளில் தாய்வீட்டிலிருந்து வெள்ளி அரைஞாண் வரவேண்டும். வராவிட்டால் வந்த சனம் என் மருமகள் கிறிஸ்டினாவைத்தான் குத்திப் பேசும். காலையிலிருந்து அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பன் வந்தார், வெறுங்கையோடு. சட்டைப் பையிலிருந்து பழைய அஞ்சு ரூபாய்க் காசு ஒன்றை எடுத்தார்.

"வெள்ளி இன்னா வெள்ளி, சம்மந்தி! இந்தப் பக்கம் சிங்கம். திருப்புனா அங்கயும் சிங்கம், குழியா கீது. எழுத்தெல்லாம் கண்ணாடில தெரியற மாதிரி. காசு அடிக்கற மிண்ட்டுல நடந்த தப்பு இது. வித்தா பாப்பாவுக்கு வூடே வாங்கலாம்."

"அப்பா, எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் கிறிஸ்டினா. தலை குனிந்துகொண்டாள்.

பழைய காசு வாங்கி விற்கும் ரத்தினபாய் அக்காவும் விசேஷத்துக்கு வந்திருந்தார். கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பார்த்தார்.

"குழிச் சிங்கத்துக்கு அடியில இன்னா தெரியுது, ஞானையா?"

"அஞ்சு."

"நசுங்கின அஞ்சு. நெஜமாவே மிண்ட்டு தப்புன்னா, முன்ன அடிச்ச காசு அச்சுல ஒட்டிக்கினு அஞ்சை மறைச்சிருக்கும். இந்தப் பக்கம் அஞ்சே விழுந்திருக்காது. இதுல அஞ்சு ஒழுங்கா விழுந்து, பொறவு எவனோ மேல இன்னொரு காசை வெச்சு அமுக்கிக்கீறான்."

"எவன் அமுக்குவான்? சும்மா சொல்லாத அக்கா!"

"எங்க கெடைச்சுது பா?" என்றாள் கிறிஸ்டினா.

"பட்டறையில. என் பிரஸ்ஸுக்குக் கீழ."

"பேரிங் ஏத்தும்போது ஒசரம் பத்தலன்னா அடியில ரெண்டு காசை ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு அமுக்குவேன்னு நீதானப்பா சொல்லுவ?"

கூடம் கொல்லென்று சிரித்தது. நான் விடுவேனா?

"அப்ப இன்னொரு காசையும் தேடுங்க சம்மந்தி. ரெண்டு வூடா வாங்கிடலாம்."

ஞானையா மகளின் முகத்தைப் பார்த்தார். எழுந்து குழாயடிக்குப் போனார். கல்யாண மோதிரம் விரலில் சதையோடு ஊறிப்போயிருந்தது. சோப்பு போட்டார், எண்ணெய் போட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். கடைசியில் வழுக்கிக்கொண்டு வந்ததை கிறிஸ்டினா கையில் வைத்தார்.

"மாப்ளய அனுப்பி, இதக் குடுத்துட்டு அரைஞாண் வாங்கியாரச் சொல்லு."

அவள் தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

வெள்ளி மினுங்க என் ராசாத்தி தொட்டிலில் படுத்தாள். தாத்தாவைக் காணோமே என்று திரும்பினேன். மூலையில், வெளுத்த தடம் தெரியும் விரலால், மொய்த்தட்டில் கிடந்த காசுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஜென்மம்.