வாய் நிறையத் தண்ணீர்

எங்கள் அறிவியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘அவசர டீச்சர்’. அவர் வகுப்புக்கும் என் கணக்கு வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அவர் கேள்வி கேட்பது என் காதில் விழும்; அடுத்த மூச்சிலேயே அவரே பதில் சொல்வதும் விழும். ஒரு பிள்ளை திருதிருவென்று விழிப்பதை அவரால் இரண்டு நொடி பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவ்வளவு இளகிய மனசு. “பரீட்சையையும் நீங்களே எழுதிட்டா வேலை முடிஞ்சுதே டீச்சர்” என்று கிண்டல் செய்வேன். சிரித்துவிட்டுப் போவார்.

ஒரு விடுமுறையில், மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தார். வந்ததும் என்னிடம் ஒரே புலம்பல். “நாம எடுத்துக் குடுத்தா மனசுல நிக்காதாம் சார். அவங்களா தேடி எடுத்தாத்தான் நிக்குமாம். இத்தனை வருஷமா நல்லது செய்யறதா நெனச்சு கெடுத்துட்டேனே!”

அன்றிலிருந்து புத்தகத்தை மூடச் சொல்லித்தான் பாடம் தொடங்கும். நேற்றைய பாடத்தில் ஒரு கேள்வி, போன வாரத்தில் ஒன்று, இரண்டு மாதத்துக்கு முந்தையது ஒன்று. மதிப்பெண் கிடையாது. ஆனால் டீச்சரின் வாய் சும்மா இருக்குமா? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். கேள்வி கேட்டதும் பாட்டிலிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரை எடுத்து, விழுங்காமல் வைத்துக்கொள்வார். கன்னம் இரண்டும் உப்பி நிற்கும் கோலத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு அடங்காது.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். எதைக் கேட்டாலும் தலை குனிந்துவிடுவாள். “அரையாண்டு முடியறப்ப நானே வந்து கேள்வி கேப்பேன். வாயத் திறக்கலன்னா ஒரு வகுப்பு கீழ இறக்கிடுவேன்” என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அந்தக் கீழ் வகுப்பில்தான் அவளுடைய தங்கை படித்தாள். தங்கையோடு ஒரே பெஞ்சில் உட்காரவேண்டும் என்ற நினைப்பே அவளை அரித்தது.

டீச்சர் தினமும் அவளைக் கேட்டார், காத்திருந்தார். வாரக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருநாள் ஒரு சொல் வந்தது, அதுவும் தப்பு. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. “தப்போ சரியோ, தேடியிருக்கா பாருங்க சார்!” எனக்கு எரிச்சல்தான் வந்தது. தப்புக்கு ஒரு கொண்டாட்டமா?

தலைமையாசிரியர் வந்த நாளன்று, என் பிள்ளைகளுக்கு நாலு கணக்கைக் கொடுத்துவிட்டு, வெட்கமில்லாமல் தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

“ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளருக்கு வெளியில முத்து முத்தா தண்ணி நிக்குதே, அது எங்கேருந்து வருது?” என்று தலைமையாசிரியர் அவளைக் கேட்டார். அது இரண்டு மாதத்துக்கு முந்தைய பாடம்.

அவள் எழுந்து நின்றாள். டீச்சர் தண்ணீரை வாயில் எடுத்துக்கொண்டார். அவள் உதடு அசைந்தது, நின்றது. சொல்லிடேம்மா என்று இந்தப் பக்கம் நான் தவித்தேன். தலைமையாசிரியர் பேனாவைத் திறந்து குறிப்பேட்டில் குனிந்தார். டீச்சரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. மடக்கென்று விழுங்கிவிட்டு, “கண்ணு, அது வந்து…” என்று ஆரம்பித்தார்.

“சொல்லாதீங்க டீச்சர்!” அவள் கையை நீட்டித் தடுத்தாள். “வருது.”

எல்லோரும் காத்திருந்தோம், தலைமையாசிரியரும்தான்.

“உள்ள இருக்கற தண்ணி இல்ல சார். காத்துல நீராவி இருக்கு. அது சில்லுனு இருக்கற டம்ளர்ல பட்டதும் தண்ணியா மாறிடுது.”

அவர் பேனாவை மூடினார். “இங்கயே இரு” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் இன்னும் உட்காரவில்லை.

“டீச்சர், இன்னொண்ணு கேளுங்க” என்றாள்.