காகத்துக்கு வைத்த தண்ணீர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அரசாங்கத் தாள் எதைக் கண்டாலும் ஒதுங்கிப் போவேன். அப்படிப்பட்ட நானே சுகாதாரப் பரிசோதகருக்குத் தொலைபேசி எடுத்தேன். போன மாரியில் என் மகள் டெங்குக் காய்ச்சலோடு ஆறு நாள் வார்ட்டில் கிடந்தவள். இந்த மாரி தொடங்கியதிலிருந்து மழைத்தண்ணீர் தேங்காதபடி தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டு வருவேன். கவிழ்த்தேனா என்று திரும்பவும் போய்ப் பார்ப்பேன். எங்கள் ஒழுங்கையில் ஆளில்லாத வீடொன்றில் தண்ணீர்த் தொட்டி திறந்து கிடந்தது. அதைச் சொல்லத்தான் எடுத்தேன்.

வந்தவர் தொட்டியோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு வளவுகளுக்குள்ளும் இறங்கினார். என் வளவில் ஒன்றும் அகப்படவில்லை. அடுத்தது மதிலுக்கு அந்தப் பக்கத்து அக்காவுடையது. அவருடைய கணவர் இறந்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. முருங்கையடியில் ஒரு மண்சட்டி. கணவர் உயிரோடு இருந்தபோது தினமும் காகத்துக்குத் தண்ணீர் வைத்த சட்டி அது. பரிசோதகர் குனிந்து டோர்ச் அடித்தார். நுளம்புப் புழுக்கள் நெளிந்தன.

"உது எத்தினை நாள் தண்ணி, அம்மா?"

"ஒவ்வொரு நாளும் விடுறனான் தம்பி."

"பழசைக் கொட்டிப்போட்டோ?"

"அவரை நினைச்சு வைச்சதை எப்பிடிக் கொட்டுறது? முப்பத்தொண்டு முடியட்டும். அதுவரைக்கும் மேலாலை விடுறன்."

"அப்ப வழக்குத்தான். அடுத்த கிழமை கோட்டுக்கு வரவேணும்."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை சாவீட்டுத் துடக்கு, தீட்டு. அவர் வாசல் படலையைக்கூடத் தாண்டவில்லை.

"துடக்கோடை கூண்டிலை நிக்கவோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

இவர் யாருக்கு என்ன தீங்கு செய்தார் என்று கேட்க வாயெடுத்தேன். என் மகளின் கையில் ஊசி குத்திய தடம் நினைவுக்கு வந்தது. டெங்கு நுளம்பு மதில் பார்த்துப் பறக்காது. ஆனாலும் அந்தச் சட்டிக்காக அவரைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

"ஐயா, தண்ணியைக் கொட்டாமல் தேத்தண்ணி வடியாலை வடிச்செடுத்தால் காணாதோ?"

"ஏன், குடிக்கப் போறீரோ?" என்றார் பரிசோதகர். பிறகு குனிந்து சட்டியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். "சட்டியின்ரை விளிம்பிலை முட்டை ஒட்டியிருக்கும். அதையும் தேய்க்கவேணும். நாள் தவறாமல்."

அக்கா ஓமென்று தலையாட்டினார். நான் தண்ணீரைச் செம்பொன்றில் வடித்தேன். அவர் தேங்காய்ப் பொச்சால் சட்டியைத் தேய்த்தார். வடித்ததை ஒரு சொட்டும் நிலத்தில் விழாமல் திரும்பச் சட்டிக்குள் ஊற்றினோம். பரிசோதகர் வழக்குப் புத்தகத்தை மடித்துவிட்டு, சிவப்பு எச்சரிக்கைத் தாள் ஒன்றை எழுதிக் கொடுத்தார். மூன்று நாளில் திரும்ப வருவாராம். அதை எழுத்தெழுத்தாகக் கூட்டி அக்காவுக்கு வாசித்தது நான்தான். வழக்கு என்ற சொல் இல்லையென்று இரண்டு தரம் பார்த்தேன்.

சொன்னபடி வந்தார். புழு இல்லை. அதற்குப் பிறகும் நான் தினமும் மதிலால் எட்டிப் பார்த்தேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபின் அக்கா அந்தத் தண்ணீரை முருங்கையடியில் ஊற்றினார். வெறும் சட்டியோடு மதிலடிக்கு வந்தார்.

"தம்பி, உந்தப் பரிசோதகரை ஆர் கூப்பிட்டது?"

"தொட்டி பாக்கத்தான் அக்கா வந்தவர்."

"தொட்டியை ஆர் சொன்னது?"

"நான்தான்."

அக்கா சட்டியை மதிலுக்கு மேலால் நீட்டினார்.

"அப்ப இதைக் கொண்டுபோ. இனிக் காகத்துக்கு நீ வை. நாளுக்கு மூண்டு தரம் எட்டிப் பாக்கிறவன் நீதானே."

சட்டி இப்போது என் கிணற்றடியில் இருக்கிறது. காலையில் கொட்டித் தேய்த்துத்தான் ஊற்றுகிறேன்.