அம்மா வெளியே சாப்பிடுகிறாள்

நெதர்லாந்தில் நான் வசிக்கும் ஊரில், உணவகத்தில் தட்டு வந்து இரண்டு வாய் உண்பதற்குள் பரிமாறும் பெண் திரும்பி வந்து, "ஸ்மாக்ட் ஹெட்?" என்று கேட்பாள். ருசியாக இருக்கிறதா என்று அர்த்தம். வந்த புதிதில் நான் அதை நிஜமான கேள்வி என்று நம்பிவிட்டேன். உப்பு ஒரு சிட்டிகை குறைவு, மீன் இன்னும் சற்று வெந்திருக்கலாம், எலுமிச்சையைத் தனியாகத் தந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று அக்கறையோடு விளக்கினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மேலாளர் வெளியே வந்து வருத்தம் தெரிவித்தார். என்னோடு வந்திருந்த அலுவலக நண்பர், அந்தக் கேள்விக்கு 'லெக்கர்', அதாவது ருசி, என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட வேண்டும் என்று பிறகு சொல்லிக்கொடுத்தார். நம் சேலத்துப் பக்கத்து ஆளிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு, ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று இதைப் படிக்கிற உங்களுக்குப் புரியும். பல வருடங்களாக லெக்கர், லெக்கர் என்று சொல்லிச் சொல்லி, எனக்கு உண்மையில் என்ன பிடிக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. இந்தச் சித்திரையில் அம்மாவைப் பார்க்கப் போனபோதுதான் அதெல்லாம் ஒட்டுமொத்தமாக நினைவுக்கு வந்தது.

நான் போனது சாப்பிடுவதற்காக அல்ல; அம்மாவைக் கையோடு அழைத்து வந்துவிட வேண்டும் என்ற முடிவோடு போனேன். அப்பா காலமான பிறகு சங்ககிரிக்குப் பக்கத்தில் பயிர் செய்துவந்த காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அம்மா சூரமங்கலத்தில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்திருந்தாள். மாசி மாதத்தில் ஒருநாள் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டு ஜெயமணி அக்கா போன் செய்தார். ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். இப்போது நல்லாயிருக்கிறாள், பயப்படாதே என்றார். பயப்படாமல் எப்படி இருப்பது? தனியாக இருக்கும் அம்மா வீட்டுக்குள் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் வீட்டின் கீழறையை ஒழித்து, என் மனைவி சுவருக்கு இளமஞ்சள் வண்ணம்கூடப் பூசிவைத்தாள்.

சேலம் ஜங்ஷனில் இறங்கி வீட்டுக்குப் போய், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தவன் திகைத்து நின்றுவிட்டேன். அடுப்பு அப்போதுதான் கடையில் வாங்கிவைத்தது போலப் பளபளத்தது. பாத்திரங்கள் எல்லாம் கவிழ்ந்திருந்தன. பால் காய்ச்சும் கிண்ணம் ஒன்றுதான் புழக்கத்தில் இருந்த மாதிரி தெரிந்தது. சாப்பிடாமல் கிடந்துதான் மயங்கி விழுந்திருக்கிறாள் என்று நினைத்து, ஏம்மா நீ சோறே ஆக்குவதில்லையா என்று கேட்டேன்.

"ஆக்குன வரைக்கும் போதுமுன்னு உட்டுட்டேன் சாமி. மூஞ்சியக் கழுவிட்டு வா, சாப்புடப் போலாம்" என்றாள்.

அவள் சொன்ன அந்த 'ஆக்குன வரைக்கும்' என்ன என்று எனக்குத் தெரியும். அப்பா வெளியே கை நனைக்காத மனிதர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் திரும்பி வந்து ஒரு வாய் ரசம் சோறு சாப்பிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அவருக்கும், எங்களுக்கும், காட்டு வேலைக்கு வந்தவர்களுக்கும், சொல்லாமல் வந்து நிற்கும் சொந்தக்காரர்களுக்கும் அம்மா வடித்துக் கொட்டிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இப்போது சொன்னாள். அடுத்து வந்த நாட்களில் ஓயாமல் சொன்னாள்.

காலையில் தெருமுனை பாக்கியத்தின் கடையில் இட்லி. தக்காளிச் சட்னி நன்று, தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை அதிகம் என்பது அம்மாவின் தீர்ப்பு. அதைப் பாக்கியத்திடமே சத்தமாகச் சொல்வாள். பாக்கியம் சிரித்துக்கொண்டே, தேங்காய் விற்கிற விலைக்கு அப்படித்தான் என்பார். பொழுதோடு டவுன் பஸ்ஸில் ஏறி, ஜெயமணி அக்காவோடு தட்டுவடை செட் சாப்பிடப் போவாள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்து, ஒரே வாயில் போட்டு நொறுக்க வேண்டிய பண்டம் அது. ஃபேர்லேண்ட்ஸில் குளிரூட்டிய புதுக் கடை ஒன்றில் அதைப் பீங்கான் தட்டில் முள்கரண்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். இதை எதற்குக் குத்த வேண்டும், அது என்ன ஓடவா போகிறது என்று அம்மா கேட்டாள். ஆனால் அதே கடையின் நன்னாரி சர்பத்துக்கு அவள் தீவிர ரசிகை. நியாயமானவள், ஒரு பண்டத்தின் குற்றத்தை இன்னொன்றின் தலையில் கட்டமாட்டாள். நானும் உற்சாகமாகிவிட்டேன். முட்டைக் கலக்கியில் மிளகு முதலில் தூவ வேண்டுமா, கடைசியிலா என்று நானும் ஜெயமணி அக்காவும் பஸ் முழுக்க வாக்குவாதம் செய்தோம். இறங்கிய பிறகும் முடியவில்லை.

சங்ககிரியில் குத்தகைக்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு என்னைக் கூட்டிப்போனாள். சுற்றிலும் லாரி டிரைவர்கள். நடுவில் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து பள்ளிபாளையம் சிக்கன் கேட்டாள். தேங்காயைப் பல்லுப் பல்லாக நறுக்கி, சின்ன வெங்காயமும் கிள்ளிய மிளகாயும் போட்டு வதக்கியது. முதல் வாய் போட்டதும் என் கண்ணில் நீர் வந்தது. காரம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். தக்காளி போடாமல் செய்கிற கடை இது ஒன்றுதான் என்று அம்மா பெருமையாகச் சொன்னாள், ஏதோ அவளே நடத்துகிற கடை போல.

என்னோடு வந்துவிடுகிறாயா என்று அன்றைக்குக் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கேட்க வாயெடுத்தால் பழைய சம்பவம் ஒன்று குறுக்கே வந்தது. அப்பா காலமான பின், சில வருடங்களுக்கு முன் அம்மா ஒரு குளிர்காலம் எங்களோடு வந்து இருந்தாள். அப்போது ஒரு கடையில் பட்டாணி சூப் அவளுக்கு மிகவும் பிடித்துப்போய், பாராட்டிவிட்டு வருகிறேன் என்று நேராகச் சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள். ஆக்கியவரின் தோளைத் தட்டி, தொண்டையைத் தொட்டுக் காட்டி, இன்னும் கொஞ்சம் மிளகு போடலாம் என்று சைகை செய்திருக்கிறாள். தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று அவர்கள் பதறி, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, ஆம்புலன்ஸை அழைக்கும் வரை போய்விட்டார்கள். நான் ஓடிப்போய் விளக்கினேன். அதன் பிறகு அங்கே அவள் எந்தக் கடையிலும் வாய் திறக்கவில்லை. நான் வேலைக்குப் போனபின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் காலையில், அம்மாவுக்கு நான் ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். என் பிள்ளைகளுக்குச் செய்கிற மாதிரி மெல்லிய பான்கேக். ஒன்று கிழிந்தது, ஒன்று கருகியது. இருவரும் பேசிக்கொண்டே மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மாவின் போன் அடித்தது. சார்ஜில் கிடக்கட்டும் என்று அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. சற்று நேரத்தில் வாசலில் தடதடவென்று சத்தம். கதவைத் திறந்தால் பாக்கியம், கையில் மாவு காயாமல், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஜெயமணி அக்கா. அவருக்கும் பின்னால், ஸ்டாண்டு போடாத வண்டியைப் பிடித்தபடி இளநீர்க் கடைக்காரர்.

"இன்னைக்கு இட்லிக்கு அம்மாளக் காணமுங்களே, போனும் எடுக்கலீங்க. அன்னைக்கு மாதிரி ஆயிப்போச்சோன்னு ஓடியாந்தமுங்க" என்றார் பாக்கியம்.

அப்போதுதான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது. மாசியில் அம்மா மயங்கி விழுந்தது இவர் கடை வாசலில்தான். பாக்கியம் கடையைப் பாதியில் மூடிவிட்டு, இளநீர்க்காரரின் துணையோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். குளுக்கோஸ் ஏறி முடியும்வரை பக்கத்திலேயே இருந்திருக்கிறார். உன்னைப் பயமுறுத்த வேண்டாமென்று விவரம் சொல்லவில்லை என்றார் ஜெயமணி அக்கா. அம்மா எதுவும் நடக்காதது போல, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பான்கேக்கை நீட்டினாள். பாக்கியம் ஒரு வாய் கடித்து, யோசித்து, இது தோசையும் இல்லை, ஒப்புட்டு போளியும் இல்லை, ஆனால் கெடுதல் இல்லை என்றார்.

அவர்கள் போனபின், கீழறையைப் பற்றிச் சொன்னேன். மஞ்சள் வண்ணத்தையும் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"வாரேன் சாமி, வராம என்ன. அடுத்த வருசம் அங்க வெயில் காலத்துல வந்து பேரம்பேத்திகளோட ரெண்டு மாசம் இருக்கறேன். ஆனா அங்கியே இருந்துக்கோன்னு சொல்லாத. அங்க நான் ஒரு நாள் வரலீன்னா, வரலீன்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு வருத்தம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது. அன்று சாயங்காலம் அம்மா, ஜெயமணி அக்கா, பாக்கியம், நான் என நால்வருமாகப் போய் மாம்பழ ஜூஸ் குடித்தோம். சர்க்கரை அதிகம் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இப்போது இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நேற்று மதிய உணவு நேரத்தில் அம்மா வீடியோவில் அழைத்தாள். அங்கே விளக்கு வைக்கிற நேரம். நான் ஊரைவிட்டு வந்தபின் திறந்த ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தாள். முறுக்கை உடைத்துப் போட்டு, நான் கேள்விப்பட்டிராத ஒரு சட்னி ஊற்றித் தருகிறார்களாம். போனைக் கடைக்காரர் பக்கம் திருப்பினாள். அவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்து, உங்களுக்குக் காரம் எப்படிங்க என்று கேட்டார். சக ஊழியர்கள் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை மென்றுகொண்டிருந்த அமைதியான அறையில், தூக்கலாப் போடுங்க என்று நான் தமிழில் உரக்கச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு தட்டு என் பெயரில் நிரம்பியது. அம்மா அதை வாங்கித் தன் வாயில் போட்டு நொறுக்கினாள். இங்கே என் வாயில் எச்சில் ஊறியது.