குதிரை நிலை

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கராத்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாமாரும் வந்து பழகலாம் என்று மாஸ்டர் சொல்லியனுப்பினார். இந்த வயதில் எனக்கு எதுக்கு கராத்தே என்று இழுத்தேன். மகள் விடவில்லை.

பள்ளிக்கூட ஹாலில் முதல் பாடம் குதிரை நிலை. காலை அகட்டி, முட்டியை மடக்கி, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். ஐந்து எண்ணுவதற்குள் தொடை நடுங்கிவிடுகிறது. என்ன நடந்தாலும் நின்ற இடத்தைவிட்டு அசையக்கூடாது என்றார் மாஸ்டர். எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர்மாறு: கதவைப் பார்த்து உட்காரு, சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடு.

இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனியில் வெடித்தபோது அப்படித்தான் ஓடினேன். பக்கத்தில் உட்கார்ந்து வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தது என் மதினி, வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. அவர் வெளியே வரவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன், நழுவிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் நான் மதினி பக்கம் திரும்பக்கூட இல்லை. அக்காவைக் காப்பாற்றப் பார்த்தவள் என்று வீட்டுக்காரர் இன்னமும் ஊரெல்லாம் என்னைப் பெருமை பேசுகிறார். கேட்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும்.

மாஸ்டர் வெளியூர்க்காரர். எங்கள் நிலை உறுதியா என்று பார்க்க, பின்னால் வந்து ஒரு மரப்பலகையைத் தரையில் ஓங்கி அடித்தார். படாரென்று கேட்டதுதான் தெரியும். மைதானத்து வேப்பமரத்தடியில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தேன். கூடவே இன்னும் நாலு அம்மாமார். எல்லாரும் பட்டாசு வேலைக்காரிகள். என் பக்கத்தில் நின்றிருந்த மகள் உள்ளேயே இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"அத்தையையும் இப்படித்தான் விட்டுட்டு வந்தியாம்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

மத்தியானம் சாப்பிடும்போது, அம்மா எப்படிக் கராத்தே பழகினாள் என்று வீட்டுக்காரர் கிண்டலாகக் கேட்டார்.

"அம்மா நின்ன எடத்த விட்டு அசையவே இல்லப்பா," என்றாள் மகள்.

"அவ அப்படித்தான். எங்கக்கா கையவே விடாதவ."

மகள் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான். ரசம் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய் அழுதேன்.